எங்கள் பேய்ப்படத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

கானாடுகாத்தான் மக்களுக்கும் எங்கள் குழுவினருக்கும் வணக்கம்.

கையில் காசில்லாமல் பேய்ப்படம் எடுக்க வருபவர்களுக்கு ஒற்றை வீடு கிடைத்தால் போதும், பாதி படம் முடிந்த மாதிரி. ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ என்ற அமெரிக்கப் பேய்ப்படத்தை அதன் இயக்குநர் ஓரன் பெலி சுமார் 15,000 டாலரில் தன் சொந்த வீட்டிலேயே எடுத்தார். எங்களுக்கு அப்படி வீடில்லை. ஆச்சி, நீங்கள் கொடுத்தீர்கள். “கல்யாணம் நடந்த வளவுப்பா, பாத்து எடுங்க” என்று மட்டும் சொன்னீர்கள். தேக்குத் தூண்களில் ஓர் ஆணிகூட அடிக்காமல் எல்லாவற்றையும் கயிற்றிலேயே கட்டிய ஆர்ட் டைரக்டர் தம்பிக்கும் நன்றி.

வளவின், அதாவது வீட்டு நடுக்கட்டின், முற்றம் வானம் பார்த்தது. பகலில் இரவுக் காட்சி எடுக்க அதை மூடியாக வேண்டும். லைட்மேன் அண்ணன்கள் சித்திரை வெயிலில் ஓட்டின்மேல் ஏறி, நனைத்த சாக்கை விரித்து அதில் நின்றபடி கறுப்புத் துணியை இழுத்துக் கட்டினார்கள். அந்த இருட்டு அவர்கள் கொடுத்தது.

வெறும் சிவப்புச் சாயம் எல்இடி வெளிச்சத்தில் ரோஸ்மில்க் மாதிரி தெரிந்தது. சர்க்கரைப் பாகில் கொஞ்சம் கோகோ பொடி சேர்த்து அதை ரத்தமாக்கியவர் மேக்கப் அக்கா. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் கறை பிடிக்காமல் அன்றன்றே துடைத்தவரும் அவர்தான்.

ஆனால் பேய்ப்படத்தில் பாதிக்கு மேல் பயமுறுத்துவது சத்தம். லைவ் சவுண்டில், அதாவது டப்பிங் இல்லாமல் படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்து, எடுக்க முடிந்தது முழுக்க உங்கள் தெருவின் தயவு. ஷாட் இல்லாத நேரம் பார்த்து மோட்டார் போட்டீர்கள், டிவியைக் குறைத்தீர்கள். வசனங்களுக்கு நடுவே நிரப்ப, யாரும் பேசாத அறையின் ஓசையைத் தனியாகப் பதிவு செய்வோம்; ரூம் டோன் என்போம். ஒருமுறை அது ஓடும்போது டீ கேனோடு வந்த மெஸ் அக்கா, நிலைப்படியில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக அப்படியே நின்றுவிட்டார். பக்கத்து வீட்டு அம்மா அழும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருணிக் கரைக்கே போய்விட்டார். இருவர் பெயரும் டைட்டிலில் வரும்.

அப்புறம், முருங்கைக்காயை ஒடித்து ஒடித்தே எலும்பு முறியும் சத்தத்தைக் கொண்டுவந்த, படத்துக்கான ஓசைகளைத் தனியே உருவாக்கும் ஃபோலி தம்பி, “சம்பளத்தைப் பிறகு பார்த்துக்கலாம்” என்ற நடிகர்கள்: படத்துக்கு வரும் முதல் பணம் உங்களுக்குத்தான்.

முதல் திரையிடல் உங்கள் ஊரில்தான். நாள் முடிவானதும் வீடு வீடாக வந்து அழைக்கிறோம். ஆச்சிக்கு முன்வரிசை நாற்காலி. யு/ஏ 16+ சான்றிதழ், அதாவது 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பார்க்கலாமா என்று பெற்றோர் முடிவு செய்ய வேண்டிய படம் என்பதால், சின்னப் பிள்ளைகளை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
இயக்குநர்