வெள்ளைப் பிராணிகளுக்கென்று விற்ற லைட் செட் பற்றிய புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: லைட் செட்டைத் திரும்பப் பெற்று முழுப் பணத்தையும் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

உங்கள் இணையக் கடையில் இரண்டு எல்.இ.டி. பேனல் கொண்ட லைட் செட் வாங்கினேன். ‘வெள்ளை, அல்பினோ செல்லப்பிராணிகளைப் படமெடுக்க’ என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் வாங்கினேன்.

நான் வளர்ப்பது அல்பினோ பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு. உங்கள் ஊழியர் மறுபடி கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: இது ஆப்பிரிக்க இனம், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்கிறேன். போனில் பேசியபோது லைட்டைப் பற்றிப் பேசியதைவிட, பாம்பு வளர்க்கலாமா கூடாதா என்றுதான் அதிக நேரம் பேசினார்.

அல்பினோ பாம்பு முழு வெள்ளையாக இருக்காது. கருநிறம் தரும் மெலனின்தான் இல்லை, மஞ்சள் நிறமி அப்படியே இருக்கும். வெள்ளையில் மஞ்சள் திட்டுகள், சிவந்த கண். இந்த வித்தியாசம் படத்தில் தெரியாவிட்டால் எடுத்துப் பயனில்லை. ஒளியை மென்மையாக்க நீங்கள் தந்த டிஃப்யூசரோ பேனல் அளவே உள்ள பிளாஸ்டிக் தகடு. ஒளி மென்மையாக விழ வேண்டுமானால், பாம்பு இருக்கும் இடத்திலிருந்து பார்க்க விளக்கு பெரிதாகத் தெரிய வேண்டும். உள்ளங்கையளவு பேனலில் உள்ளங்கையளவு தகட்டை மாட்டினால் வெளிச்சம் குறையும், அவ்வளவுதான். பளபளப்பான செதில் ஒவ்வொன்றிலும் வெள்ளைப் புள்ளி விழுந்து, அடியிலிருக்கும் மஞ்சள் காணாமல் போகிறது.

சரி, பேனலைக் கிட்டே கொண்டுபோகலாம் என்றால், பாம்புக்கு இமை கிடையாது. அல்பினோவின் கண்ணில் வெளிச்சத்தை மட்டுப்படுத்தும் நிறமியும் கிடையாது. முழு வெளிச்சத்தில் உடலைச் சுருட்டித் தலையை நடுவில் புதைத்துக்கொள்கிறது. வெளிச்சத்தைக் குறைத்தால் படத்தில் கருப்புப் பட்டைகள். உங்கள் டிம்மர் விளக்கை வேகமாக அணைத்து அணைத்துப் போடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, 1/500 நொடி ஷட்டரில் தெரிந்துவிடும். வெறும் சுவரை எடுத்த படமும் இணைத்துள்ளேன். அதிலும் அதே பட்டைகள்தான்.

நிறமும் சரியில்லை. சாம்பல் அட்டை வைத்து கேமராவின் வொயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) சரிசெய்த பிறகும் சிவந்த கண் மங்கிய பழுப்பாகத்தான் வருகிறது. பெட்டியில் சிஆர்ஐ 95 என்று இருக்கிறது. விளக்கொளியில் நிறங்கள் எவ்வளவு சரியாகத் தெரியும் என்று சொல்லும் அந்த எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி, அடர் சிவப்பு அந்தக் கணக்கிலேயே வராது. அதைக் காட்டும் ஆர்9 மதிப்பைப் பெட்டியிலும் காணோம், கையேட்டிலும் காணோம்.

கையேடு இன்னும் மோசம். கூடவே தந்த கருப்புத் துணியை விரித்து, கேமராவை ஆட்டோவில் வைக்கச் சொல்கிறது. சுற்றிலும் கருப்பாக இருந்தால் கேமரா காட்சியே இருட்டு என்று நினைத்து எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஏற்றிவிடும், வெள்ளைப் பாம்பு வெளிறிப்போகும். வெள்ளைத் துணியில் வைத்தால் நேர்மாறு, சாம்பலாக வரும். எக்ஸ்போஷரைக் கையால் கூட்டிக் குறைக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே? வெள்ளைப் பிராணிக்கென்றே விற்கும் பொருளின் கையேடு இது!

“பாம்பு ரொம்ப வெள்ளையா இருக்கு சார், எடிட் பண்ணிக்கோங்க” என்றார் உங்கள் ஊழியர். ஒரேயடியாக வெளிறிப்போன இடத்தில் எடிட் செய்து மீட்க எதுவும் மிச்சமிருக்காது. அதே பாம்பை அதே கேமராவில், ஜன்னலோரம் ஒளியைத் திருப்பிவிட எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையை நிறுத்தி எடுத்தேன். ஒவ்வொரு செதிலும் தெளிவாக இருக்கிறது, அந்தப் படமும் இணைப்பில் உண்டு. அதனால் பழியைப் பாம்பின் மேலோ கேமராவின் மேலோ போட வேண்டாம்.

பெட்டியைத் திறந்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்கிறீர்கள். திறக்காமல் லைட்டை எப்படிப் போட்டுப் பார்ப்பது?

முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். கூரியர் செலவு உங்களுடையது. டிஃப்யூசரையும் டிம்மரையும் மாற்றும்வரை ‘அல்பினோ’ என்ற சொல்லை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஆர்9 மதிப்பையும் வெளியிடுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020-இன்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். இல்லையென்றால் 1915 உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். செட்டை கருப்புத் துணி உட்பட எல்லாவற்றோடும் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். எடுத்துப்போக ஆள் அனுப்பும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், படங்கள்