இரண்டு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள்

அன்புள்ள சேகர்,

பிரான்ஸுக்கு வந்து ஒயின் ஊர்களைச் சுற்ற நீ போட்ட பட்டியல் கிடைத்தது. ஞாயிறு காலை காபியோடு உட்கார்ந்தேன், படித்து முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது, அத்தனை ஊர். காலையில் ரைம்ஸ், மதியம் போன் என்கிற ஊர், சாயங்காலம் திஜோன், மறுநாள் பொர்தோ போய் சேந்த் எமிலியோனையும் பார்த்துவிட்டு ராத்திரி பாரிஸ் திரும்புவது. டேய், கல்லூரி முடித்த வருஷம் வேன் பிடித்து ஒரே நாளில் நவக்கிரகம் ஒன்பதையும் முடிக்கிறேன் என்று கிளம்பி, பன்னிரண்டரைக்கு நடை சாத்திய கோயில் வாசலில் நாலு மணி வரை உட்கார்ந்திருந்தோமே, மறந்துவிட்டாயா? வேன் டிரைவர் தூங்கி எழுந்து நம்மைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இங்கேயும் நடை சாத்துவார்கள். பாரிஸில் அது தெரியாது, எந்நேரமும் ஏதாவது ஒரு கடை திறந்திருக்கும். ஆனால் ரயிலேறி ஒரு மணி நேரம் வெளியே போய்விட்டால் மதியச் சாப்பாடு என்பது பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான். இரண்டுக்கு மேல் கதவு திறந்திருக்கும், அடுப்பு அணைந்திருக்கும். எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் இருக்கிறார், இருபது வருஷமாக உணவகச் சமையலறையில் வேலை. பாரிஸ் உணவகங்களில் பாதி, நம் ஈழத்து ஆட்கள் கையில்தான் ஓடுகிறது என்று அவர் சொல்வார், கொஞ்சம் மிகைதான் என்றாலும் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தவர்கள் சும்மா தள்ளிவிட மாட்டார்கள். அவரிடம்தான் கேட்டேன், ஏன் இந்தப் பிடிவாதம் என்று. காலை ஒன்பதுக்கு நிற்கத் தொடங்கினவன் மூன்று மணிக்கு எல்லாவற்றையும் கழுவிவிட்டுத்தான் உட்கார முடியும், திரும்பவும் ஆறு மணிக்கு நிற்க வேண்டும், நீ இரண்டேகாலுக்கு வந்து மெனு கேட்டால் அவன் காலுக்கு யார் பதில் சொல்வது என்றார். அதற்கப்புறம் நான் யாரையும் திட்டுவதில்லை.

அதனால் நான் சொல்கிற முறை ஒன்றே ஒன்று. ஒரு நாளுக்கு ஓர் ஊர். முதலில் பன்னிரண்டரை மணிக்கு ஒரு மேஜை சொல்லி வை. அப்புறம் அதற்கு முன்னால் எந்த ரயில், பின்னால் எந்த ஒயின் நிலவறை என்று இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு போ. நீ ஒயினை நடுவில் வைத்துச் சாப்பாட்டைச் சந்து பொந்துகளில் சொருகியிருக்கிறாய், அங்கேதான் தப்பு.

அப்புறம் அந்த வாடகைக் கார். வேண்டாம். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் இங்கே எல்லை. மூன்று நிலவறையில் ருசி பார்த்தவன் ஓட்டக்கூடாது, ருசி பார்க்காமல் ஓட்டுவதற்கு நீ சென்னையிலிருந்து வர வேண்டியதும் இல்லை. ருசி பார்க்கும் இடத்தில் மேஜைமேல் ஒரு வாளி வைத்திருப்பார்கள், வாயில் சுழற்றிவிட்டு அதில் துப்பலாம், தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் துப்புவார்கள். உன் தாத்தா திண்ணையில் வைத்திருந்த வெற்றிலைப் படிக்கம்தான், பளபளவென்று தேய்த்து வைத்திருப்பார்கள், அவ்வளவு வித்தியாசம். முதல் தடவை எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாவது தடவை துப்பாமல் விட்டதன் பலன் சாயங்கால ரயிலில் தெரிந்தது.

சரி, ரைம்ஸுக்கு வருகிறேன். எழுத்தில் அப்படி, வாயில் ரான்ஸ் என்பதுபோல் மூக்கால் சொல்ல வேண்டும். எங்கள் வீடு லா ஷப்பெல் பக்கம் என்பதால் கார் து லெஸ்ட் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம், அங்கிருந்து டிஜிவி என்கிற அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம். டிக்கெட் எடுக்கும்போது ரைம்ஸ் சென்டர் என்று இருக்கிறதா பார். ஷாம்பெய்ன் ஆர்தென் என்று இன்னொரு ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது, பெயர் அழகாக இருக்கிறதே என்று அங்கே இறங்கினால் அப்புறம் டிராம் பிடித்து உள்ளே வர வேண்டும். காலையில் கதீட்ரல். பிரெஞ்சு அரசர்களுக்கு முடிசூட்டிய இடம், பின்பக்கம் ஓவியர் ஷகால் வரைந்த நீலக் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன, 1974இல் வைத்தது, மாலதி தங்கச்சிக்கு அது பிடிக்கும். சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு நிலவறை.

நான் பொம்மெரி என்கிற ஷாம்பெய்ன் கம்பெனியின் நிலவறைக்குப் போனேன். 116 படி கீழே இறங்க வேண்டும். வெளியே ஆகஸ்ட் வெயில், பாதிப் படியில் கை சில்லிட்டுவிட்டது, கீழே எப்போதும் பத்து டிகிரிதான், அதனால் ஸ்வெட்டர் கட்டாயம். ரோமானியர் காலத்தில் சுண்ணாம்புக் கல் வெட்டி எடுத்த குழிகள் அவை, மேலே குறுகி கீழே அகன்று கூம்பு மாதிரி இருக்கும், சுவரைத் தொட்டால் விரலில் வெள்ளையாக ஒட்டும், ஈரமான சாக்பீஸ் வாசனை. முதல் உலகப் போரில் பீரங்கிக்குத் தப்பி ஊர் மக்கள் இந்த ஊர் நிலவறைகளில்தான் இருந்தார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே கீழே நடந்தது. இன்னொரு விஷயம், இந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தியதில் விதவைகளுக்குப் பெரிய பங்கு. கிளிக்கோ அம்மாளுக்கு 27 வயதில் கணவர் போய்விட்டார், 1805இல். வேவ் கிளிக்கோ என்று பாட்டிலில் போட்டிருக்கிறதே, வேவ் என்றால் விதவை என்றுதான் அர்த்தம். பொம்மெரி அம்மாளும் அப்படித்தான், சர்க்கரை குறைத்த ப்ரூட் வகையை 1874இல் இறக்கி விற்றவர். நம் ஊரில் வெள்ளைப் புடவை கட்டி மூலையில் உட்கார வைத்த காலத்தில் இவர்கள் தங்கள் பெயரையே லேபிளில் அச்சடித்து ரஷ்யா வரைக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

ஷாம்பெய்னில் குமிழி எப்படி வருகிறது என்று கேட்டிருந்தாயே. முதலில் சாதாரண ஒயின்தான் செய்கிறார்கள். அதை பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே இரண்டாவது தடவை புளிக்கும், வருகிற வாயு வெளியே போக வழி இல்லாமல் ஒயினிலேயே கரைந்து நிற்கும். செத்த ஈஸ்ட் அடியில் வண்டலாகத் தங்கும். அதை எடுக்க பாட்டிலைச் சாய்வான பலகைத் துளையில் சொருகி, தினமும் ஒரு சிறு திருப்பு திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகீழாக நிறுத்துவார்கள், வண்டல் கழுத்துக்கு வந்துவிடும். கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால் உறைந்த வண்டல் தானே தெறித்து விழும். இன்று பெரும்பாலும் இயந்திரம் திருப்புகிறது. வழிகாட்டிப் பெண் இரண்டு கையாலும் இரண்டு பாட்டிலை ஒரே நேரத்தில் கால் நொடியில் திருப்பிக் காட்டினாள், புரோட்டா மாஸ்டர் கை மாதிரி இருந்தது. குடிக்கும்போது ரைம்ஸின் இளஞ்சிவப்பு பிஸ்கட் தருவார்கள், நனைத்துத் தின்ன வேண்டும். டீயில் பொறை நனைத்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

திஜோனும் போனும் இருக்கிற பர்கண்டிக்கு இன்னொரு நாள். பாரிஸ் கார் து லியோன் ஸ்டேஷனிலிருந்து திஜோன் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அங்கே வட்டார ரயில் மாறினால் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் போன். சனிக்கிழமையாகப் பார்த்து வை, சந்தை கூடும். நான் முதல் தடவை போனபோது ரயிலை விட்டு, அடுத்ததில் ஏறி, ஊருக்குள் நுழைந்தது இரண்டு பத்து. நான்கு உணவகம் ஏறி இறங்கினேன். நான்காவதில் நாற்காலிகளைத் தலைகீழாக மேஜைமேல் ஏற்றிக்கொண்டிருந்த பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு ரொட்டித் துண்டைக் கையில் கொடுத்தான். அதைச் சதுக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, சந்தையில் மிச்சமிருந்த சீஸ் வாங்கித் தின்றேன். உண்மையைச் சொன்னால் அது நல்ல சாப்பாடுதான், ஆனால் மாட்டிறைச்சியை சிவப்பு ஒயினில் மணிக்கணக்காக வேகவைக்கும் அந்த ஊர்க் குழம்புக்காக மூன்று மாதம் காத்திருந்து போனவன் நான்.

போனில் பார்க்க வேண்டியது பழைய தர்ம ஆஸ்பத்திரி. 1443இல் நிகோலா ரோலேன் என்ற அமைச்சர் ஏழைகளுக்காகக் கட்டியது, பல வண்ண ஓட்டுக் கூரை. கோயிலுக்கு நிலம் எழுதி வைப்பதுபோல் அந்த ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் திராட்சைத் தோட்டங்களை எழுதி வைத்தார்கள். அந்தத் தோட்டத்து ஒயினை வருஷாவருஷம் நவம்பர் மூன்றாம் ஞாயிறு ஏலம் விடுகிறார்கள், பணம் இன்றைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. ஊருக்கு வெளியே நடந்தால் தோட்டங்கள், இடுப்பு உயரக் கல் சுவர்கள். ஒரே திராட்சை, ஒரே வெயில், சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் பத்து மடங்கு. மண்ணும் சரிவும் மாறுவதால் ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பெயர், 1,247 துண்டு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வரப்புச் சண்டையில் மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடந்த குடும்பம் உன்னுடையது, உனக்கு ஒரே நிமிடத்தில் புரியும்.

திஜோன் கடுகு வாங்க வேண்டும் என்று தங்கச்சி சொல்லியிருந்தாள். வாங்கலாம், ஆனால் கடுகு நிறைய கனடாவிலிருந்து வருவது. 2021இல் அங்கே வறட்சி, 2022இல் பாரிஸ் கடைகளில் கடுகு அலமாரி காலி. தாளிக்கக் கடுகு இல்லாத வீடு மாதிரி ஊரே தவித்தது. எங்கள் தெருத் தமிழ்க் கடையில் முழுக் கடுகு மூட்டையாகக் கிடந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கச்சி சைவம் என்பதை நான் மறக்கவில்லை, பயப்படாதே. சந்தைகள்தான் அவளுக்குச் சாப்பாட்டுக்கூடம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இங்கத்திய பேர்போன சீஸ் பலவற்றில் பாலைத் திரிக்க கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைத்தான் போடுகிறார்கள். அவள் அதையும் பார்ப்பாளா என்று முதலிலேயே கேட்டு எழுது. லியோனில் செர்வெல் து கனு என்று ஒன்று கொடுப்பார்கள், பெயரை மொழிபெயர்த்தால் பட்டு நெசவாளியின் மூளை. அலறிவிடப் போகிறாள். தண்ணீர் வடித்த இளம் சீஸில் பூண்டும் பச்சிலையும் அடித்துக் கலந்தது, கிட்டத்தட்ட நம் தயிர்ப் பச்சடி.

லியோனுக்கு டிஜிவியில் இரண்டு மணி நேரம். மகள் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது, அவள் வீட்டிலேயே மூன்று ராத்திரி தங்குங்கள், அவளும் மாமா எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அங்கிருந்து ஒரு நாள் ரோன் ஆற்றோடு தெற்கே வட்டார ரயிலில் ஒரு மணி நேரம் போனால் ஓர் ஊர், பெயர் ஏறக்குறைய தேன் என்றே ஒலிக்கும், முழுப்பெயர் தேன் லெர்மித்தாஜ். ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே குன்று, படிப்படியாகச் சுவர் கட்டி சிரா திராட்சை நட்டிருக்கிறார்கள், உச்சியில் குட்டியாக ஒரு தேவாலயம். ஏறுவதற்கு நாற்பது நிமிடம் ஆனது எனக்கு, மூச்சு வாங்க நின்ற நேரமும் சேர்த்து. கீழே வல்ரோனா சாக்லேட்காரர்களின் காட்சிக்கூடம், ருசி பார்க்கத் தாராளமாகத் தருவார்கள். உனக்குக் குன்று, தங்கச்சிக்குச் சாக்லேட், சாயங்காலம் பழைய தொங்குபாலத்தில் நடந்து எதிர்க்கரை தூர்னோனில் சேர்ந்து காபி. உன் பட்டியலில் இந்த ஊரே இல்லை!

பொர்தோவை இந்தத் தடவை விட்டுவிடு. பாரிஸிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போகிறதே என்பாய். போகும். சேந்த் எமிலியோனுக்கு இன்னும் முப்பத்தைந்து நிமிடம், ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் நடை, அதற்குள் இரண்டு மணி. பொர்தோவில் இரண்டு ராத்திரி தங்கினால்தான் அது சரிவரும்.

டிஜிவி டிக்கெட் நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், வட்டார ரயில் அநேகமாக ஒரே விலை. அதனால் தேதியை இந்த வாரமே சொல். அக்டோபர் இரண்டாம் வாரம் நல்லது, அறுவடை முடிந்து ஆட்கள் மூச்சு விட்டிருப்பார்கள். ஞாயிறு, திங்களில் வெளியூர் வைக்காதே, பாதிக் கடை மூடியிருக்கும், அந்த இரண்டு நாளும் என்னோடு பாரிஸில் சுற்று.

அம்மாவுக்கு முழங்கால் எப்படி? ஆபரேஷன் வேண்டாம் என்று இன்னும் அடம்தானா? நான் ஃபோன் செய்தபோது உன்னைப் பற்றித்தான் புகார், ரிட்டையர் ஆனதிலிருந்து சமையலறைக்குள் வந்து யோசனை சொல்கிறானாம்.

பாட்டில் வாங்கினால் ஆளுக்கு இரண்டோடு நிறுத்திக்கொள், நம் ஊர் கஸ்டம்ஸில் ஒருவருக்கு இரண்டு லிட்டர்தான் சும்மா விடுவார்கள். ஷாம்பெய்ன் பாட்டில் உள்ளே இருக்கும் அழுத்தத்துக்காகத் தடிமனாகச் செய்வது, கனம் அதிகம். வரும்போது இரண்டு பழைய எட்டு முழ வேட்டி எடுத்து வா, சுற்றி வைக்க அதைவிட நல்லது கிடையாது. அந்த வேட்டிக்குள் வரும்போது எனக்கு மாவடு பாட்டில் இருக்கட்டும்.

அன்புடன்,
ரவி