கையெழுத்து இருக்கட்டும், ஷரத்துகள் எங்கே?

ஹாலிவுட் பழம்பொருட்களை ஏலம் விடும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். மர்லின் மன்றோ ஆரம்ப காலத்தில் ஏதாவது ஏஜென்சியோடு போட்ட ஒப்பந்தம் ஏலத்துக்கு வருகிறதென்றால் எல்லோர் கண்ணும் கடைசிப் பக்கத்துக்குத்தான் போகிறது. மையின் நிறம், தாளின் மடிப்பு, பழைய பெயரில் போட்ட கையெழுத்து எவ்வளவு அபூர்வம், எல்லாம் விலாவாரியாக எழுதப்படும். சரி, அந்தப் பெண் எதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்? எத்தனை வருஷம், எத்தனை சதவீதம் கமிஷன், யார் நினைத்தால் முறித்துக்கொள்ளலாம்? எனக்குத் தெரிய வேண்டியது அதுதான். விற்றுப்போனால் அது யாருடைய லாக்கருக்குள்ளோ போய்விடும், அப்புறம் கேட்பதற்கும் ஆள் கிடைக்காது.

1945இல் புளூ புக் மாடலிங் ஏஜென்சியில் சேர்ந்தபோது அவருக்கு மர்லின் என்ற பெயரே இல்லை, நார்மா ஜீன் டோஹர்ட்டிதான், வயது 19, ரேடியோபிளேன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஏஜென்சியை நடத்திய எம்மலின் ஸ்னைவ்லிதான் 1946 ஜூனில் நடிகர்களுக்கான ஏஜென்சி ஒன்றில் அவரைச் சேர்த்துவிட்டார். ஆகஸ்டில் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஸ்டுடியோவோடு ஒப்பந்தம்: வாரம் 75 டாலர், ஆறு மாதம். அன்றைய சட்டப்படி 21 வயது ஆகாததால் கார்டியன் கிரேஸ் காடார்டும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கல்யாணமாகி விவாகரத்து வரைக்கும் வந்துவிட்ட பெண், வேலைக்குச் சேர மட்டும் இன்னொருவர் சம்மதம் வேண்டும்!

அந்தக் காலத்து ஒப்பந்தங்களின் உயிரே ஆப்ஷன் ஷரத்தில்தான் இருந்தது. பிடித்திருந்தால் ஸ்டுடியோ நீட்டித்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் அனுப்பிவிடலாம், நடிகை மட்டும் தானாகக் கிளம்பிப் போக முடியாது. ஃபாக்ஸ் 1947இல் அவரை இப்படித்தான் அனுப்பியது. பிறகு 1950 கடைசியில் அதே ஃபாக்ஸ் ஏழு வருஷத்துக்குப் பிடித்து வைத்துக்கொண்டது. ஏழுக்கு மேல் போக முடியாததற்கு நடிகை ஒலிவியா டி ஹாவிலண்டுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். சஸ்பெண்ட் செய்த காலத்தையெல்லாம் கூட்டி ஒப்பந்தத்தை இழுக்கக் கூடாது, காலண்டர்படி ஏழு வருஷம்தான் என்று 1944இல் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் வாதாடி ஜெயித்தவர் அவர்.

1953இல் ஜேன் ரஸ்ஸலோடு நடித்த படத்தில் ரஸ்ஸல் வாங்கியதில் சின்னப் பங்குதான் மர்லினுக்குக் கிடைத்தது. 1954இல் கொடுத்த படத்தில் நடிக்க மாட்டேன் என்றதற்கு சஸ்பெண்ட் ஆனார், சொந்தக் கம்பெனி தொடங்கினார், 1955 டிசம்பர் 31 அன்று ஃபாக்ஸோடு புது ஒப்பந்தம் போட்டார்: ஏழு வருஷத்தில் நாலு படம், படத்துக்கு 1,00,000 டாலர், இயக்குநர் யாரென்பதிலும் அவர் சம்மதம் வேண்டும். இந்தப் பத்து வருஷத்தில் அவர் பேரம் பேசக் கற்றுக்கொண்டது எப்படி என்று பார்க்க, முதலில் எதற்குத் தலையாட்டினார் என்று தெரிய வேண்டாமா?

அதனால் ஒரு கோரிக்கை. விற்பதற்கு முன்னால் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்யுங்கள். தனி மனிதர்களின் முகவரி இருந்தால் மறைத்துவிட்டு, ஒரு பிரதியை பெவர்லி ஹில்ஸில் இருக்கும் மார்கரெட் ஹெரிக் நூலகத்துக்குக் கொடுங்கள். ஆஸ்கர் அகாடமியின் நூலகம் அது, ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் உட்கார்ந்து படிக்கலாம்.

பிரதி வெளியே போனால் விலை இறங்கும் என்பீர்கள். 1962இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் பிறந்தநாள் விழாவில் மர்லின் போட்டிருந்த கவுனை உலகமே படத்தில் பார்த்திருக்கிறது. 1999இல் அது 12 லட்சம் டாலருக்கு மேல் போனது, 2016இல் 48 லட்சம். அசலை வாங்குகிறவருக்கு அசல்தான் வேண்டும், ஊரே நகலைப் படித்தாலும் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பொருளைக் கொண்டுவருகிறவர் சம்மதிக்க மாட்டார் என்றால், உங்களிடம் ஒப்படைக்கும்போதே எழுதி வாங்குங்கள். பக்கம் பக்கமாக நிபந்தனை எழுதி வாங்குகிறவர்கள் நீங்கள், இதற்கு ஒரு வரி சேர்க்க இடமில்லாமலா போய்விடும்?

இப்படிக்கு,
ஒன்றும் வாங்காமல் உங்கள் கேட்லாகுகளைப் படிக்கிற ஒரு வாசகன்