பள்ளி வளாகத்தில் பொடுதலை வளர்ப்பது குறித்துப் பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வகுப்பறைகளுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் இடையே வெறும் மண்ணாகக் கிடக்கும் இடத்தில் வெயில் காலத்தில் புழுதி பறப்பதையும், மழை பெய்தால் மேல்மண் கரைந்து வாசல்வரை வருவதையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே புல்தரை அமைக்கலாம் என்று முதலில் எண்ணினோம். ஆனால் புல்லுக்கு ஓயாமல் தண்ணீர் விட வேண்டும், அடிக்கடி வெட்ட வேண்டும்; நீண்ட விடுமுறையில் அதைக் கவனிக்க ஆள் இருக்காது. ஆகவே பொடுதலையை நடுவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

பொடுதலை பல்லாண்டு வாழும் சிறு மூலிகைச் செடி. அதன் தண்டு தரையோடு ஒட்டிப் படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடுவதால் மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும். வேர் ஊன்றிய பின் வறட்சியையும் ஓரளவு உப்பு மண்ணையும் தாங்கும், இடையிடையே மிதிபட்டாலும் தழைக்கும். உரம் தேவையில்லை. இலையின் மேற்பாதி விளிம்பில் மட்டும் பற்கள் இருப்பதையும், திப்பிலி போன்ற சிறு பூங்கதிரில் வெண்மையும் இளஞ்சிவப்புமான பூக்கள் அடியிலிருந்து வளையம் வளையமாக மேலேறி மலர்வதையும் குழந்தைகள் குனிந்து பார்க்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை.

நடுவதற்கு முன் செய்யும் வேலைதான் கடினமானது. அங்கே மண்டியுள்ள கோரை என்னும் களையைக் கிழங்கோடு தோண்டி எடுக்காவிட்டால் அது பொடுதலைக்குள்ளிருந்தே மீண்டும் கிளம்பிவிடும். பிறகு களைவது மிகவும் சிரமம். நிலம் சுத்தமானதும், சாண் நீளத் தண்டுகளை இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி ஓரடி இடைவெளியில் மாணவர்கள் நடுவார்கள். வேர் பிடிக்கும்வரை தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதால் மழைக்காலத் தொடக்கத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறோம். நல்ல வெயில் படும் இடத்தில் அடர்ந்து பூக்கும், நிழலில் பூ குறையும். எல்லை தாண்டிப் படர்வது இதன் இயல்பாதலால் காய்கறிப் பாத்திகளுக்கு அருகே இதை நட மாட்டோம். ஓரங்களைத் தவறாமல் வெட்டிவிடுவோம்.

ஒரு செய்தியை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பொடுதலைப் பூவைத் தேடித் தேனீக்கள் வரும். எனவே அப்பகுதியில் பிள்ளைகள் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. தேனீ கொட்டினால் உங்கள் குழந்தைக்கு ஒவ்வாமை ஏற்படும் என்றால், அதை வகுப்பாசிரியரிடம் எழுத்து மூலம் உடனே தெரிவியுங்கள். பூக்கும் நாட்களில் அக்குழந்தை வேறு வழியாகச் செல்ல ஏற்பாடு செய்வோம். மேலும், இது கைமருந்தில் பயன்படும் மூலிகைதான் என்றாலும், பள்ளியில் வளர்வதைப் பறித்து உண்ண வேண்டாம் என்று வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

உங்கள் தோட்டத்தில் பொடுதலை இருந்தால், பூச்சிமருந்து படாத தண்டுகளை வெட்டி ஈரத்துணியில் சுற்றி, நடவு நாளன்று காலையில் குழந்தையிடம் கொடுத்தனுப்புங்கள். கழிவுநீர் ஓடும் இடங்களிலிருந்து எடுக்க வேண்டாம். கோரை தோண்டும் வேலையில் உதவ முன்வரும் பெற்றோர் மண்வெட்டியுடன் வந்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்