அணைந்து கிடக்கிற கணினியில் எந்த டிரைவர் ஓடும்?

கணினி, ஸ்பீக்கர், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் தயாரிக்கும் நிறுவனங்களின் வடிவமைப்பாளர்களுக்கும், வாடிக்கையாளர் சேவையில் உட்கார்ந்து பதில் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

குரல் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, சத்தம் நீக்கிக் கொடுப்பது என் வேலை. நாள் முழுக்கக் காதில் ஹெட்போன்தான். நீங்கள் செய்யும் பொருட்களால்தான் பிழைப்பு ஓடுகிறது, ஆகையால் சண்டைக்கு வரவில்லை. ஒரு ‘ஊம்ம்ம்’ சத்தத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

புதிதாக ஒரு ஜோடி பவர்டு ஸ்பீக்கர் வாங்கிக் கணினியில் செருகினேன். பாட்டு எதுவும் ஓடவில்லை. ஆனாலும் பக்கத்து அறையில் யாரோ வாயை மூடிக்கொண்டு சுருதி பிடிப்பதுபோல ஒரு சத்தம். கணினியில் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன், அசையவில்லை. மவுஸை நகர்த்தினால் அதற்கு மேல் வண்டு கத்துவதுபோல இன்னொன்று. சேவைப் பிரிவுக்கு எழுதினேன். ஒலிக்கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னார்கள், புதுப்பித்தேன். அப்புறம் விண்டோஸையே மறுபடி நிறுவச் சொன்னார்கள், அதையும் செய்தேன். இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் சலித்துப்போய்க் கணினியை அணைத்தேன். மவுஸ் வண்டு செத்தது. ஊம் மட்டும் அப்படியே இருந்தது. அணைந்து கிடக்கிற கணினியில் எந்த டிரைவர் ஓடும், சொல்லுங்கள்.

பிறகு நானே துப்புத் துலக்கினேன். ஆடியோ கேபிளைக் கணினிப் பக்கத்தில் பிடுங்கியதும் அமைதி. திரும்பச் செருகினால் ஊம். கணினியும் ஸ்பீக்கரும் இரண்டு வெவ்வேறு சுவர் பிளக்கில் இருந்தன. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு மாற்றியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. மொத்தம் ஐந்து நிமிட வேலை.

காரணம் உங்களுக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கணினிக்கு மூன்று பின் பிளக், ஸ்பீக்கருக்கும் மூன்று பின். இரண்டும் சுவருக்குள் எர்த்தில் சேர்கின்றன. நடுவில் ஆடியோ கேபிளுக்குள் ஒயரைச் சுற்றியிருக்கும் உலோக வெளிவலையும் இரண்டையும் இணைக்கிறது. ஆக, ஒரு முழு வட்டம் உருவாகிவிடுகிறது. கிரவுண்ட் லூப் என்பது இதுதான். இரண்டு எர்த் புள்ளிகளுக்கு நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே வலை வழியாக மின்னோட்டம் ஓடத் தொடங்கும். 3.5 மி.மீ. கேபிளிலும் ஆர்சிஏ கேபிளிலும் ஒலிச் சிக்னல் திரும்பி வரும் வழியும் அதே வலைதான். ஒற்றையடிப் பாதையில் இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் இடிக்காமல் என்ன செய்யும்?

எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது ஒன்றும் மந்திரவித்தை இல்லை. முப்பது விநாடி மௌனத்தைப் பதிவு செய்து, ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் திறந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் அலைமாலையை வரையச் சொன்னால் போதும். அளவு 2048 என்று இருந்தால் அதை 16384-க்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் விநாடிக்கு 44,100 சாம்பிள் எடுக்கும் பதிவில் ஒவ்வொரு படியும் 21 ஹெர்ட்ஸ் அகலம் இருக்கும், 50-க்கும் 60-க்கும் வித்தியாசமே தெரியாது. ஏற்றியபின் படி 2.7 ஹெர்ட்ஸாகச் சுருங்கி, முகடுகள் ஊசி மாதிரி தனித்தனியாக எழுந்து நிற்கும். என் பதிவில் வீட்டு மின்சாரத்தின் 50, அதன் மடங்குகளான 150, 250 என்று வரிசையாக நின்றன. மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக இருக்கும் நாடுகளில் 60, 180, 300 என்று நிற்கும். இது பெரும்பாலும் லூப்பின் கையெழுத்து. 100 அல்லது 120 தான் ஓங்கி நிற்கிறது என்றால் பவர் சப்ளை மீது சந்தேகப்படலாம்; ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால் இருக்கும் பெரிய கெபாசிட்டர் வயதாகி உலர்ந்திருக்கும். 1000 ஹெர்ட்ஸில் கீச்சென்று ஒன்று நின்றால் யூஎஸ்பி. அதன் ஃபுல் ஸ்பீடு முறையில் ஃபிரேம் எனும் தரவுத் தவணை மில்லி விநாடிக்கு ஒன்று, ஆகவே 1 கிலோஹெர்ட்ஸ். ஹை ஸ்பீடில் 125 மைக்ரோ விநாடிக்கு ஒன்று வருவதால் 8 கிலோஹெர்ட்ஸ். விட்டு விட்டு ‘டிடிட் டிடிட்’ என்று 217 ஹெர்ட்ஸில் உறுமினால் மேசைமேல் கிடக்கும் போனைத் தள்ளி வைத்தால் போதும், அது 2ஜி போன்களின் ஜிஎஸ்எம் அலை.

(இதே ஊம் குற்றப் புலனாய்வுக்கும் உதவுகிறது என்பது ஒரு வேடிக்கை. மின்கட்டமைப்பின் அதிர்வெண் சரியாக 50-இல் நிற்பதில்லை; நூலிழை மேலும் கீழும் சதா ஆடிக்கொண்டே இருக்கும். பதிவுக்குள் ஊறிப்போன அந்த ஆட்டத்தைக் கட்டமைப்பின் பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஒரு பதிவு எப்போது நடந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். எனக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.)

‘பிறகு மென்பொருளில் நீக்கிக்கொள்ளலாமே’ என்று எனக்கும் ஒரு பதில் வந்தது. 50-ஐ வெட்டலாம், யாருக்கும் வலிக்காது. ஆனால் பெரும்பாலான ஆண்குரல்களின் அடிச்சுருதி 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள்தான் இருக்கிறது. 100, 150 என்று வெட்டிக்கொண்டே போனால் சத்தத்தோடு குரலின் சதையும் போய்விடும். மிஞ்சுவது தகர டப்பாவுக்குள் பேசுகிற ஆள்.

லேப்டாப் கதை இன்னும் பழையது. சார்ஜரைக் கழற்றினால் அமைதி, மாட்டினால் ஊம். சார்ஜர் பழுது, புதிது வாங்குங்கள் என்கிறீர்கள். புதியதும் அதையேதான் செய்யும். மூன்று பின் சார்ஜர் என்றால் மேலே சொன்ன லூப். இரண்டு பின் என்றால், இரைச்சலை அடக்க நீங்களே உள்ளே வைக்கிற ஒய்-கெபாசிட்டர் வழியாகத் துளி மின்னோட்டம் கசிந்து, ஆடியோ கேபிள் வழியே வெளியேறப் பார்க்கிறது. உலோக உடம்பில் புறங்கையைத் தடவினால் சுருசுரு என்று இருக்குமே, அதுவும் இதே கசிவுதான். பழுது இல்லை, வடிவமைப்பு அப்படி. அதை அப்படியே சொன்னால் ஒருவர் வீணாக இன்னொரு சார்ஜர் வாங்க மாட்டார்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறொரு இடத்தில். உங்களிடமிருந்து விளக்கம் கிடைக்காதவர்கள் அங்கே இங்கே கேட்டு, கடைசியில் எர்த் பின்னை உடைத்துவிடுகிறார்கள். ஊம் நின்றும்விடும், அதுதான் ஆபத்து. உள்ளே ஒரு ஒயர் கழன்று உடம்பைத் தொட்டால், ஃபியூஸை எரிய வைத்து ஆளைக் காப்பாற்றுவது அந்த ஒரு பின்தான். அது இல்லாவிட்டால் மின்னோட்டம் மைக்கைப் பிடித்திருக்கும் கை வழியாக எர்த்தைத் தேடும். வட்டத்தை வெட்ட வேண்டிய இடம் ஆடியோ கேபிள், மின் கேபிள் இல்லை. இந்த ஒரு வரியைக் கையேட்டின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட உங்களுக்கு எவ்வளவு மை செலவாகும்?

தீர்வு தெரியாமல் இல்லை. இரண்டு ஒயர்களில் எதிரெதிராகச் சிக்னலை அனுப்பி, இரண்டிலும் பொதுவாக ஏறிய இரைச்சலைக் கழித்துவிடும் பேலன்ஸ்டு இணைப்பு ஸ்டுடியோக்களில் பல்லாண்டாக இருக்கிறது. அதிலும் ஊம் வருகிறதே என்று ஒலிப் பொறியாளர் நீல் மன்சி 1995-இல் எழுதிய கட்டுரையில் காரணத்தைப் புட்டுப் புட்டு வைத்தார்: மைக்குகளில் இருக்கும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் இணைப்பின் ஒன்றாம் பின்னை, அதாவது வலையை, பெட்டியின் உலோக உடம்போடு சேர்க்காமல் சர்க்யூட் போர்டின் கிரவுண்டுக்குள் இழுத்துவிடுகிறார்கள், வெளிக்குப்பை நேராக நடு வீட்டுக்குள் வருகிறது. அதற்கென்றே 2005-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஏஇஎஸ்48 என்று தரநிலையும் வந்தது. வந்து இத்தனை வருடங்கள் ஆன பிறகும் ஒன்றாம் பின் போர்டில் போய் முடிகிற கருவிகளை நான் திறந்து பார்த்திருக்கிறேன்.

ஒலியை ஒளியாக்கி அனுப்பும், 1983-இல் தோஷிபா கொண்டுவந்த டாஸ்லிங்க் ஒளி இழையையும் நினைவூட்டுகிறேன். ஒளிக்கு எர்த் கிடையாது, ஆகவே லூப்பும் கிடையாது. அந்தத் துளையை லேப்டாப்களில் இருந்து எடுத்துவிட்டீர்கள். புளூடூத் இருக்கிறதே என்பீர்கள். பதிவு செய்யும்போது கொஞ்சம் தள்ளிக் கேட்கிற தன் குரலோடு யாராலும் பேச முடியாது. நடுவில் மின் தொடர்பை அறுக்கும் யூஎஸ்பி ஐசோலேட்டர் மாட்டலாமே என்றால், மலிவாகக் கிடைக்கும் பலவும் விநாடிக்கு 12 மெகாபிட்டோடு நின்றுவிடும். 480 எதிர்பார்க்கும் இன்டர்ஃபேஸ் அதில் கண்ணையே திறக்காது.

எங்கள் மீதும் தப்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆடியோ கேபிளை அழகாகச் சுருட்டி அடாப்டர் கட்டிமேல் வைத்திருந்தவன் நானேதான், அதுவும் வருடக்கணக்கில். மின் கேபிளோடு சேர்த்துக் கட்டாமல், கடக்க வேண்டிய இடத்தில் குறுக்கே செங்கோணமாகக் கடக்கவிட்டால் பாதித் தொல்லை குறையும். விளக்கு டிம்மரை மாட்டிவிட்டு ஸ்பீக்கரைத் திட்டுகிறவர்களும் உண்டு. மைக் பூஸ்டை 30 டெசிபலில் வைத்தால் குரலோடு குப்பையும் 30 மடங்குக்கு மேல் பெருகும். சுவருக்குள் எர்த்தே சரியில்லை என்றால் அது எலக்ட்ரீஷியன் வேலை, உங்களைக் கேட்க முடியாது.

நான் கேட்பது இவ்வளவுதான். அட்டைப்பெட்டியில் வாட் கணக்கைக் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். பக்கத்திலேயே, இந்த அடாப்டருக்கு எர்த் உண்டா இல்லையா, ஆடியோ கிரவுண்டு மின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா தனித்திருக்கிறதா என்று ஒரு வரி போடுங்கள். பவர்டு ஸ்பீக்கரில் பேலன்ஸ்டு உள்ளீடு வைப்பதோடு, அதற்கான கேபிளையும் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். துளையை வைத்துவிட்டு 3.5 மி.மீ. ஒயரைக் கொடுப்பது வேண்டாம். சேவைப் பிரிவின் கேள்வித்தாளில் டிரைவருக்கு முன்னால் இரண்டு கேள்விகளைச் சேருங்கள்: ஆடியோ கேபிளைக் கழற்றினால் சத்தம் நிற்கிறதா? லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது நிற்கிறதா? பாதிக் கடிதங்கள் அங்கேயே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

அந்த ஸ்பீக்கர்கள் இன்னும் என் மேசையில்தான் இருக்கின்றன. நடுவில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறேன். உள்ளே இரண்டு சுருள்கள், ஒலி காந்தப்புலமாகத் தாவும், எர்த் தாவாது. பேஸைத் துளி விழுங்குகிறது. நல்லதாக ஒன்றை நீங்களே ஸ்பீக்கருக்குள் வைத்திருந்தால் அந்தத் துளியும் மிஞ்சியிருக்கும்.

பதில் எழுதுவதாக இருந்தால் எழுதுங்கள், டிரைவரைப் பற்றி மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஹெட்போனைக் கழற்றினாலும் காதில் 50 ஹெர்ட்ஸ் கேட்கிற ஒருவன்