அவிழ்த்துவிட்ட மடிப்பையும் சேர்த்துத் தைக்கலாம்

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு மகளிர் பக்கத்தில் வந்த ஒட்டுத்துணிப் போர்வைக் கட்டுரையைக் கத்தரிக்கோலும் கையுமாக இருந்துதான் வாசித்தேன். இரண்டு மாதமாக நானும் அப்படி ஒன்றோடு மல்லுக்கட்டுகிறேன். பழைய உடுப்புகளில் தையல் விழுந்த இடங்களை ஒதுக்கிவிட்டு, பழுதில்லாத துணியை மட்டும் சதுரமாக வெட்டச் சொல்லியிருந்தது. அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. வீட்டுத் தையலின் ஞாபகமாகப் போர்வை செய்யப் போய், அந்தத் தையலையே வெட்டி எறிந்தால் பிறகு என்ன மிச்சம்?

என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை அம்மா ஒருநாளும் அளவுக்குத் தைத்ததில்லை. "வளர்ற பிள்ளை" என்று கீழே நாலு விரல் கூடுதலாக மடித்துவிடுவா. தை மாதம் வகுப்பேறும்போது ஒரு மடிப்பு அவிழும். அவிழ்ந்த இடத்தில் பழைய கோடு மஞ்சளாகத் தெரியும். நீலம் போட்டாலும் போகாது. அப்போது அது பெரிய வெட்கம். இப்போது மிஞ்சியிருக்கும் ஒரே சட்டையில் அப்படி மூன்று கோடுகள் இருக்கின்றன. என் போர்வையின் நடுத்துண்டு அதுதான்.

அந்தச் சட்டை தப்பியதும் தையல் மெஷினால்தான். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வர இன்னும் எண்பது வருடத்துக்கு மேல் பிடித்தது, அதுவும் தவணைக் காசில். என் சட்டை கடைசியில் அதைத் துடைக்கிற துணியாகிவிட்டது. 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து எழும்பியபோது, அம்மா மெஷினின் தலையை மட்டும் கழற்றி, கைக்கு அகப்பட்ட அந்தச் சட்டையால் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டினா. மிதிக்கிற கால் அங்கேயே நின்றுவிட்டது. வெள்ளவத்தைக்கு வந்தபிறகு தலைக்குக் கைபிடி பூட்டிக் கைமெஷின் ஆக்கினோம். என் மகள் சுழற்றுவாள், அம்மா துணி பிடிப்பா. 1993இல் அரசாங்கம் தொடங்கிய இலவசச் சீருடைத் துணியில் மகளுக்குத் தைத்ததிலும் அதே நாலு விரல் மடிப்புத்தான்! என் அந்தப் பழைய சட்டையில் மெஷின் எண்ணெய்க் கறையும் இருக்கிறது. அதை நான் தோய்க்கவில்லை.

ஆகவே கட்டுரை சொன்ன ஆறங்குலச் சதுரம் எனக்குச் சரிவரவில்லை. மடிப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்தில் பட்டி பட்டியாக வெட்டி, நடுத்துண்டைச் சுற்றி வைத்துக்கொண்டு போகிறேன். மகளின் பொக்கற் ஒன்று, அம்மாவின் சட்டையில் ஹூக் வைத்த பட்டி ஒன்று. ஓரம் நேராக வராது, வராவிட்டால் போகட்டும்.

கட்டுரையில் விடுபட்ட சிலதையும் சொல்லவேண்டும். நைந்த துணிக்குக் கால் அங்குலத் தையல் விளிம்பு போதாது, பிய்ந்துவிடும். பின்னால் மெல்லிய பருத்தித் துணி வைத்துத்தான் இணைக்கவேண்டும். பொலியெஸ்ரர் கலந்த துண்டு சூடான அயன் பட்டால் சுருங்கும். சிவப்பு, கருநீலத் துண்டுகளை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தி, சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டே சேர்க்கவேண்டும்.

பஞ்சு விரிப்பு வைக்கச் சொல்லியிருந்ததைப் படித்துச் சிரிப்பு வந்தது. கொழும்புப் புழுக்கத்தில் யார் அதைப் போர்ப்பது? அம்மாவின் வொயில் சேலையை வெட்டாமல் உள்ளே வைக்கிறேன். ஆறு யார் சேலையை மூன்றாக மடித்தால் இரண்டு யார் நீளம், அகலம் நாற்பத்தைந்து அங்குலம். போர்வையின் அளவு அப்படித்தான் தீர்ந்தது. "உள்ளே இருந்தால் ஒருத்தருக்கும் தெரியாதே அம்மா" என்கிறாள் மகள். கையால் நூலோடும்போது எனக்குத் தெரிகிறது.

அந்தக் கட்டுரையாளரிடம் ஒரு கேள்வி. மடிப்போடு மடிப்பு சேருகிற இடத்தில் தடிப்பைக் குறைக்க வழி இருந்தால் அடுத்த இதழில் எழுதச் சொல்லுங்கள். இந்த மாதம் மட்டும் மூன்று ஊசி உடைந்துவிட்டது.

வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.