கேமரா பார்த்ததைப் பக்கத்து வண்டிக்கும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெங்களூருவிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஊருக்குப் போகும் இரவு பஸ்களில், ஓட்டுநர் கண் அசந்தால் கண்டுபிடிக்கும் கேமரா இருந்தாலும் அதன் 'பீப்' சத்தம் அவரது இருக்கையோடு நின்றுவிடுகிறது. முன்னே போகும் காருக்கு எதுவும் தெரியாது. 80 கி.மீ. வேகத்தில் மூன்று விநாடி கண் மூடினால் பஸ் 66 மீட்டர் தாண்டிவிடும்.

வண்டிக்கு வண்டி தகவல் சொல்லும் 5.9 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, இடத்தையும் வேகத்தையும் விநாடிக்குப் பத்து முறை அனுப்பக்கூடியது. அதோடு மூன்று விவரம் சேர்த்தால் போதும்: கவனம் எந்த நிலையில் இருக்கிறது, கணிப்பு எவ்வளவு உறுதி, எப்போது கணித்தது. முகப்படமும் பதிவெண்ணும் கூடவே கூடாது. கேமரா கண்ணைப் பார்க்கப் பயன்படுத்தும் அகச்சிவப்பு ஒளியைச் சில கூலிங் கிளாஸ்கள் மறைத்துவிடும். அப்போது கருவி 'தெரியவில்லை' என்றுதான் அனுப்ப வேண்டும். 'கவனமாக இருக்கிறார்' என்று அனுப்பினால் அது ஆபத்தான பொய்.

தகவல் கிடைத்த கார் சட்டென்று பிரேக் போடக் கூடாது. தூங்கி வழியும் ஓட்டுநருக்கு முன்னால் அது தற்கொலைக்குச் சமம். பக்கத்துத் தடம் காலியாக இருந்தால் மெல்ல ஒதுங்கி வழிவிடலாம். பைக்குகளில் இந்த ரேடியோ இருக்காது. அவர்களுக்காக, அனுப்பும் பஸ்ஸிலேயே நான்கு இண்டிகேட்டரும் தானாக மின்ன வேண்டும்.

எங்களுக்குப் பெரிய கவலை எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம். மேலே ஒரு சாலை, நேர் கீழே இன்னொன்று. ஜி.பி.எஸ். வரைபடத்தில் இரண்டும் ஒரே இடம். போகும் திசையும் ஒன்றே. உயரத்தைக் கணிப்பதில்தான் ஜி.பி.எஸ். அதிகம் தவறும். அதனால் மேலே போகும் பஸ்ஸின் எச்சரிக்கை கீழே நெரிசலில் நிற்கும் காரில் அலறும். நாலு முறை இப்படி அலறினால் யாராக இருந்தாலும் அணைத்துவிடுவார்கள். வண்டி எந்தச் சரிவில் ஏறியது என்பதை வரைபடத்தோடு ஒப்பிட்டு நினைவில் வைத்தால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். சோதனை ஓட்டம் நடத்துவோர் காலியான நெடுஞ்சாலையை விட்டு முதலில் இங்கே வர வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இந்தக் கண்காணிப்புத் தரவை வெளியாருக்குத் தரத் தடை விதிக்கிறது. இங்கே பகிர்வதானால் இரண்டு விநாடியில் தகவல் அழிந்துவிட வேண்டும். முதலாளியின் கணினிக்குப் போகவே கூடாது. போனால் சம்பளப் பிடித்தம் வரும், ஓட்டுநர் கேமராவில் பிளாஸ்டர் ஒட்டுவார். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்குப் பிறகு அரை மணி ஓய்வு என்றது. கேமராவுக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரிகள் அந்த அரை மணி கிடைக்கிறதா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
வாகன மின்னணுத் துறையில் பணிபுரியும் வாசகர்கள்,
எலக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு.